பெயர் ஒருவரிடம், உயிர் இன்னொருவரிடம்: பழைய வியூக விளையாட்டுகளின் வாரிசு யார்?

2025 அக்டோபர், தீபாவளிக்கு ஏறக்குறைய ஒரு வாரம் இருந்தது. நள்ளிரவு தாண்டியும் மறுநாள் வகுப்புக்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். பினாங்கில் வேலை செய்யும் அண்ணனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி: “டெமோ வந்துடுச்சி. தூங்கிட்டியா?”

அண்ணனுக்கு இருபத்தேழு வயது. சென்ற ஆண்டுதான் திருமணம் ஆனது. வீட்டுக் கடன், கார் தவணை என்று பேசிக்கொண்டிருப்பவர், அந்த நேரத்தில் விழித்திருந்து ‘ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக்: ஓல்டன் எரா’ என்ற கணினி விளையாட்டின் இலவசச் சோதனைப் பதிப்பைப் பதிவிறக்கிக்கொண்டிருந்தார். 2024 ஆகஸ்டில் ஜெர்மனியின் கேம்ஸ்காம் கண்காட்சியில் அறிவிக்கப்பட்ட விளையாட்டு இது. 2025-இல் விற்பனைக்கு வரும் என்றார்கள். பிறகு 2026-க்குத் தள்ளிவைத்தார்கள். காத்திருந்தவர்களுக்கு ஆறுதலாக அந்தச் சோதனைப் பதிப்பு வந்தது.

சற்று நேரத்தில் இரண்டாவது செய்தி வந்தது: “இந்தத் தடவையாவது நல்லா வருமா? வந்ததும் வாங்கிடலாமா?”

‘இந்தத் தடவையாவது’ என்ற சொல்லில் பல ஆண்டு ஏமாற்றம் இருக்கிறது. அது அண்ணனுடைய ஏமாற்றம் மட்டும் அல்ல. இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன் வந்த மாய உலக வியூக விளையாட்டுகள் இப்போது ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன. 1994-இல் வந்த ‘மாஸ்டர் ஆஃப் மேஜிக்’ 2022-இல் புதிதாக உருவாக்கப்பட்டது. 1997-இன் ‘ஃபைனல் ஃபேண்டசி டாக்டிக்ஸ்’ 2025 செப்டம்பரில் மெருகேற்றப்பட்டு வந்தது. இவை ஒருபுறம் இருக்க, பழைய விளையாட்டின் பாணியை மட்டும் எடுத்துக்கொண்டு வேறு பெயரில் வருபவையும் ஏராளம். இத்தனை வரவுகளில் எது உண்மையான வாரிசு? மாணவர்களாகிய நம் கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தையும் நேரத்தையும் யாரை நம்பிக் கொடுப்பது?

அண்ணனுக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. தேடிப் படித்த பிறகு எனக்குக் கிடைத்த பதிலை இங்கே எழுதுகிறேன்.

ஒரே கணினி, இரண்டு அரசர்கள்

இந்த விளையாட்டை ஆடியிராதவர்களுக்காக ஒரு சிறு அறிமுகம்.

‘ஹீரோஸ்’ வரிசையில் ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுவது 1999-இல் வெளிவந்த மூன்றாம் பாகத்தை. நான் பிறப்பதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன் வந்தது. உங்களுக்கு ஒரு நகரம், ஒரு தளபதி, கொஞ்சம் பொன். தளபதி குதிரையேறி வரைபடத்தில் புறப்படுகிறார். மரம், தாது, பாதரசம், கந்தகம், படிகம், ரத்தினம் ஆகியவை கிடைக்கும் இடங்களைக் கைப்பற்றுகிறார். அந்தச் செல்வத்தில் நகரத்தில் கட்டடம் எழுப்பி வீரர்களையும் விலங்குகளையும் படையில் சேர்க்க வேண்டும். ஏழு நாள் ஒரு வாரம். ஒவ்வொரு வாரத் தொடக்கத்திலும் புதிய படை கிடைக்கும். எதிரியைச் சந்தித்தால் அறுகோணக் கட்டங்கள் கொண்ட போர்க்களம் விரியும். சதுரங்கம்போல் உங்கள் முறை, எதிரியின் முறை என்று மாறி மாறி நடக்கும். விரல் வேகத்துக்கு வேலையில்லை, யோசனைக்கே வேலை.

எங்கள் வீட்டுக்கு இந்த விளையாட்டு மாமாவின் பழைய கணினியோடு வந்தது. நான் அப்போது தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு. அண்ணன் படிவம் இரண்டு. ஒரே கணினியில் இருவர் மாறி மாறி ஆடலாம். அண்ணனின் முறை வரும்போது அவர் படை எங்கே இருக்கிறது என்று நான் பார்க்கக் கூடாது என்பதால் அடுக்களைக்குப் போய்விட வேண்டும். “வா” என்று குரல் வந்ததும் ஓடிவந்து உட்காருவேன். “இன்னும் ஒரு நாள்தான்மா” என்று சொல்லிச் சொல்லி அம்மாவிடம் எத்தனை வாரங்களைக் கடத்தியிருப்போம் என்று கணக்கில்லை. இரும்பையும் மரத்தையும் இன்றைக்கே செலவழிப்பதா, அடுத்த வாரத்துக்குச் சேர்ப்பதா என்ற கணக்கை நான் முதலில் கற்றது அங்கேதான்.

அந்த விளையாட்டோடு வரைபடம் உருவாக்கும் கருவி ஒன்றும் வரும். அண்ணன் அதில் எங்கள் தாமானையே வரைந்தார். கோயில் இருக்கும் இடத்தில் ஒரு மந்திரக் கோபுரம்; மாமாக் கடை இருக்கும் முச்சந்தியில் ஒரு மதுக்கூடம்; பெரிய கால்வாய் ஓடும் இடத்தில் ஓர் ஆறு. அந்தக் கோப்பைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

ஏலத்தில் போன பெயர்

இந்த வரிசையை உருவாக்கியது நியூ வேர்ல்ட் கம்ப்யூட்டிங் என்ற அமெரிக்க நிறுவனம். அதைத் தொடங்கியவர் ஜான் வான் கேனகம். 1986-இல் ‘மைட் அண்ட் மேஜிக்’, 1990-இல் ‘கிங்ஸ் பவுண்டி’, 1995-இல் ‘ஹீரோஸ்’ முதல் பாகம் என்று படிப்படியாக அவர்கள் வளர்த்த பாணி இது. 1996-இல் த்ரீடிஓ என்ற பெரிய நிறுவனம் அவர்களை வாங்கியது. மூன்றாம் பாகம் வெற்றி பெற்றது. 2002-இல் நான்காம் பாகம் வந்தது. 2003-இல் த்ரீடிஓ திவாலானது.

திவாலான நிறுவனத்தில் மேசை, நாற்காலி எல்லாம் ஏலத்துக்குப் போகும் அல்லவா? பெயரும் அப்படியே போனது. பிரான்சின் யூபிசாஃப்ட் நிறுவனம் ‘மைட் அண்ட் மேஜிக்’ உரிமைகளை 13 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. ஒரு டாலருக்கு 3 ரிங்கிட் 80 சென் என்று கட்டி வைத்திருந்த காலம் அது. கணக்குப் போட்டால் 50 லட்சம் ரிங்கிட்டுக்கும் சற்றுக் குறைவு.

ஆனால் ஏலத்தில் வாங்கியது உரிமைப் பத்திரங்களை. அந்த விளையாட்டை உருவாக்கிய மனிதர்கள் அந்தப் பெட்டிக்குள் இல்லை. அவர்கள் வெவ்வேறு வேலைகளுக்குச் சிதறிப் போனார்கள். புதிய உரிமையாளர் ஒவ்வொரு பாகத்தையும் ஒவ்வொரு குழுவிடம் கொடுத்தார். 2006-இல் ஐந்தாம் பாகத்தை ரஷ்யாவின் நிவால் உருவாக்கியது. 2011-இல் ஆறாம் பாகம் ஹங்கேரியின் பிளாக் ஹோல் குழுவிடம் போனது. 2015-இல் ஏழாம் பாகம் ஜெர்மனியின் லிம்பிக் குழுவிடம் போனது. கதை நடக்கும் உலகமும் மாறியது. பழைய உலகத்தைக் கைவிட்டு ஆஷான் என்ற புதிய உலகத்தில் கதை தொடங்கியது. ஐந்தாம் பாகத்துக்கு இன்றும் அன்பர்கள் உண்டு. ஆறாம், ஏழாம் பாகங்களைப் பற்றிப் பேசினால் பெரும்பாலும் பெருமூச்சுதான் கேட்கும்.

ஒரு குழு பட்டறிவு பெறுவதற்குள் அடுத்த குழு வந்துவிட்டால் என்ன ஆகும்? நம் பள்ளி விவாதக் குழுவை நினைத்துப் பாருங்கள். ஆண்டுதோறும் பயிற்றுநரும் பேச்சாளர்களும் மொத்தமாக மாறினால், சுவரில் தொங்கும் கேடயங்கள் புதிய குழுவுக்குப் பேசக் கற்றுத்தருமா?

தொலைந்துபோன மூலநிரல்

இன்னொரு விஷயம் என்னைத் திடுக்கிட வைத்தது. 2015-இல் மூன்றாம் பாகத்தையே எச்டி பதிப்பாக மெருகேற்றி வெளியிட்டார்கள். வாங்கிப் பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்: பின்னாளில் வந்த இரண்டு கூடுதல் பாகங்கள் அதில் இல்லை. அவற்றின் மூலநிரல் கிடைக்கவில்லை என்பதே சொல்லப்பட்ட காரணம். பத்திரம் பத்திரமாக இருக்கிறது, படைப்பைக் காணவில்லை.

இது ஒரு நிறுவனத்தின் குறை மட்டும் அல்ல. ‘ஃபைனல் ஃபேண்டசி டாக்டிக்ஸ்’ புதுப்பதிப்பைச் செய்தவர்களும் மூலநிரல் இல்லாமல் பழைய விளையாட்டை ஆராய்ந்து மீண்டும் கட்ட வேண்டியிருந்ததாகச் சொன்னார்கள். 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. ஓலைச்சுவடியைக் கரையானிடம் பறிகொடுத்த வரலாற்றைப் பாடத்தில் படித்தவர்கள் நாம். முப்பது வயதுகூட ஆகாத படைப்புகளுக்கும் அதே கதி என்பது கவலைக்குரியது.

அப்படியானால் ‘ஹீரோஸ்’ மூன்றாம் பாகம் எப்படி உயிரோடு இருக்கிறது? ரசிகர்களால். ‘ஹார்ன் ஆஃப் தி அபிஸ்’ என்ற ரசிகர் குழு 2011 முதல் அதற்கு இலவசமாகக் கூடுதல் பகுதிகளை உருவாக்கி வருகிறது. கடற்கொள்ளையர் வாழும் ‘கோவ்’, இயந்திரங்கள் நிறைந்த ‘ஃபேக்டரி’ என்று புதிய நகரங்களையே சேர்த்திருக்கிறார்கள். ‘விசிஎம்ஐ’ என்ற இன்னொரு குழு 2007 முதல் விளையாட்டின் இயந்திரத்தையே புதிதாக எழுதி வருகிறது; அதனால் கைப்பேசியிலும் ஆட முடிகிறது. இவர்கள் யாரும் விளையாட்டைத் திருடவில்லை. அசல் பிரதியை நீங்கள் வாங்கியிருக்க வேண்டும். அதன்மேல்தான் இவர்கள் செய்தது ஓடும். பெயர் கைமாறிக்கொண்டிருந்த அத்தனை ஆண்டுகளும் உயிரைக் காத்தவர்கள் சம்பளம் வாங்காத இந்த மனிதர்கள்தாம்.

பிள்ளையும் சீடரும்

ஒரு கலைஞருக்கு இரண்டு வகை வாரிசு உண்டு. ஒருவர் பிள்ளை: குடும்பப் பெயரும் வீடும் அவருக்கு. மற்றொருவர் சீடர்: பெயர் கிடைக்காது, வித்தை கிடைக்கும். பிள்ளையே நல்ல சீடராகவும் அமைந்துவிட்டால் பாக்கியம். எப்போதும் அப்படி அமைவதில்லை.

இதற்கு ‘டஞ்சன் கீப்பர்’ நல்ல எடுத்துக்காட்டு. 1997-இல் புல்ஃபிராக் என்ற பிரிட்டிஷ் குழு உருவாக்கியது. நீங்கள் கதாநாயகர் அல்லர். பாதாள அரசின் கொடிய தலைவர். சுரங்கம் தோண்டி, அரக்கர்களுக்குச் சம்பளம் கொடுத்து, பொன் தேடி வரும் வீரர்களை விரட்ட வேண்டும். 1999-இல் இரண்டாம் பாகம் வந்தது. பிறகு குழு கலைந்தது. பெயர் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்திடம் இருந்தது.

2014-இல் அந்தப் பெயரில் ஒரு கைப்பேசி விளையாட்டு வந்தது. இலவசம் என்றார்கள். ஆனால் சில பாறைகளைத் தோண்ட மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருக்க மனமில்லையென்றால் பணம் கட்ட வேண்டும். பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் அதே ஆண்டு அந்த ‘இலவச’ விளம்பரம் தவறான எண்ணத்தைத் தருகிறது என்று தீர்ப்பளித்தது.

அதே காலத்தில் பழைய ரசிகர்கள் சிலர் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் பொதுமக்களிடம் நிதி திரட்டினார்கள். 2 லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. 2015-இல் ‘வார் ஃபார் தி ஓவர்வேர்ல்ட்’ வெளிவந்தது. பழைய விளையாட்டில் குரல் கொடுத்த நடிகர் ரிச்சர்ட் ரைடிங்ஸே இதிலும் பேசினார். தொடக்கத்தில் பிழைகள் இருந்தன. விட்டுவிடாமல் திருத்திக்கொண்டே வந்தார்கள். இப்போது சொல்லுங்கள்: உரிமைப் பத்திரத்தோடு வந்த கைப்பேசி விளையாட்டு வாரிசா, பெயரில்லாமல் வந்த இது வாரிசா?

இப்படி நல்ல சீடர்கள் இன்னும் உண்டு. ‘மாஸ்டர் ஆஃப் மேஜிக்’ விதைத்ததை, 1999-இல் நெதர்லாந்தின் ட்ரையம்ஃப் குழு தொடங்கிய ‘ஏஜ் ஆஃப் வொண்டர்ஸ்’ வரிசை வளர்த்தது; 2023-இல் அதன் நான்காம் பாகமும் வந்துவிட்டது. மூலக்கதையின் பெயர் பல ஆண்டுகள் தூங்கிக்கொண்டிருந்தபோதும் அந்த வித்தை தூங்கவில்லை. சுவீடனின் லாவாபோஷன் குழு 2024-இல் முழுமையாக வெளியிட்ட ‘சாங்ஸ் ஆஃப் கான்குவஸ்ட்’ பழைய ‘ஹீரோஸ்’ ஆடியவர்களுக்குப் பிறந்த வீட்டு வாசத்தைத் தரும்.

சட்டம் தந்த வாசல்

நான் சட்டம் பயிலும் மாணவி என்பதால் இந்த இடத்தில் ஒரு கேள்வி எழுந்தது. வேறு பெயரில் அதே பாணியில் செய்தால் திருட்டு ஆகாதா?

நம் நாட்டின் 1987 பதிப்புரிமைச் சட்டத்தில் 7(2ஏ) என்றொரு சிறு உட்பிரிவு உண்டு. கருத்து, செயல்முறை, இயக்கும் முறை, கணிதக் கோட்பாடு ஆகியவற்றுக்குப் பதிப்புரிமை கிடையாது என்று அது சொல்கிறது. உலகின் பல நாடுகளில் இதே கொள்கைதான். ‘வாரத்துக்கு ஒரு முறை படை கிடைக்கும்’ என்பது கருத்து, யாரும் எடுத்துக்கொள்ளலாம். ஓவியம், இசை, கதை வசனம், நிரல் ஆகியவை வெளிப்பாடு. அவற்றைத் தொடக் கூடாது. பெயர் வணிக முத்திரை. அதையும் தொடக் கூடாது. எல்லை எங்கே என்பதற்கு 2012-இல் அமெரிக்காவில் நடந்த ‘டெட்ரிஸ்’ வழக்கு பாடம். விதிகளை எடுத்தது குற்றமில்லை. தோற்றத்தையும் அப்படியே எடுத்ததால் பின்பற்றி உருவாக்கியவர்கள் தோற்றார்கள்.

சீடர்கள் பிறப்பது இந்த வாசல் வழியாகத்தான். கருத்துக்கும் பூட்டு இருந்திருந்தால், பெயரை வைத்திருப்பவர் செய்தால்தான் உண்டு. இல்லையென்றால் இல்லை என்ற நிலை வந்திருக்கும்.

சைபர் கஃபேயில் நாம் கண்ட கதை

இந்த வாசல் எவ்வளவு பெரியது என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. உங்கள் அண்ணன்மாரைக் கேளுங்கள். பள்ளி முடிந்ததும் சைபர் கஃபேயில் நிரம்பி வழிந்த கூட்டம் எதை ஆடியது? ‘டோட்டா’. அது எந்த நிறுவனமும் திட்டமிட்டு உருவாக்கிய விளையாட்டு அல்ல. பிளிசார்ட் நிறுவனம் 2002-இல் வெளியிட்ட ‘வார்கிராஃப்ட் 3’ என்ற மாய உலக வியூக விளையாட்டோடு வரைபடக் கருவி ஒன்று வந்தது. அந்தக் கருவியைக் கொண்டு ரசிகர் ஒருவர் 2003-இல் உருவாக்கியதுதான் ‘டோட்டா’. பிறகு வேறு ரசிகர்கள் அதைக் கைமாற்றி வளர்த்தார்கள். என் அண்ணன் தாமானை வரைந்தாரே, அதே வகைக் கருவி, அதே வகை ஆர்வம்.

பிறகு வால்வ் நிறுவனம் அதை வளர்த்த ரசிகரையே வேலைக்குச் சேர்த்தது. 2013-இல் ‘டோட்டா 2’ முறையாக வெளிவந்தது. பெயர் யாருக்கு என்ற வழக்கை இரு நிறுவனங்களும் 2012-இல் சமரசமாக முடித்துக்கொண்டன. இன்று உலகப் போட்டிகளில் மலேசிய வீரர்களும் ஆடும் ஒரு துறையே இதிலிருந்து பிறந்திருக்கிறது.

இந்தக் கதையின் அடுத்த அத்தியாயம்தான் முக்கியம். 2020 ஜனவரியில் பிளிசார்ட் ‘வார்கிராஃப்ட் 3: ரீஃபோர்ஜ்டு’ என்ற மெருகேற்றிய பதிப்பை வெளியிட்டது. காட்டிய முன்னோட்டத்துக்கும் கையில் கிடைத்ததற்கும் பொருத்தமில்லை என்று வாங்கியவர்கள் கொதித்தார்கள். நிறுவனம் பணத்தைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று. அதைவிடப் பெரிய கோபம், புதியதை வாங்காமல் பழையதையே வைத்திருந்தவர்களுக்கு. இணையத்தில் புதுப்பிக்கப்பட்டபோது அவர்களுடைய பழைய விளையாட்டும் மாறிப்போனது. பழகிய சில வசதிகள் காணாமல் போயின. பின்னர் 2024 நவம்பரில் ஒரு பெரிய திருத்தம் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

அதே 2020-இல் பயன்பாட்டு விதிகளில் ஒரு வரி தெளிவாக எழுதப்பட்டது: அந்தக் கருவியில் பயனர்கள் உருவாக்கும் விளையாட்டுகள் அனைத்தும் நிறுவனத்துக்கே சொந்தம். ஒரு ‘டோட்டா’ கைநழுவியதால் வந்த எச்சரிக்கை இது என்று பலரும் புரிந்துகொண்டார்கள். வணிகக் கண்ணோட்டத்தில் அது நியாயமாகவே தெரியலாம். ஆனால் அடுத்த ‘டோட்டா’வை உருவாக்கும் ஆற்றல் உள்ள ஒரு பதினாறு வயது மாணவர் அந்த வரியைப் படித்தால் அங்கே உழைப்பாரா?

கருத்துக்குச் சட்டம் திறந்து வைத்த வாசலை, ‘ஏற்றுக்கொள்கிறேன்’ என்று நாம் படிக்காமல் அழுத்தும் ஒப்பந்தம் பாதி மூடிவிடுகிறது. பழைய விளையாட்டுகளுக்கு வாரிசு வருமா என்று கேட்கும் நாம், இன்றைய விளையாட்டுகளுக்கு நாளை வாரிசு வர வழியிருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். இணையத் தொடர்பு இல்லாமல் திறக்காத, வரைபடக் கருவி இல்லாத, வழங்கியை நிறுத்தினால் மறைந்துவிடும் ஒரு விளையாட்டை இருபது ஆண்டு கழித்து எந்த ரசிகர் குழுவாலும் காப்பாற்ற முடியாது.

சீடரும் சறுக்குவார்

இதைப் படித்துவிட்டு, பெரிய நிறுவனம் என்றால் கெட்டது, சிறு குழு என்றால் நல்லது என்று முடிவுகட்ட வேண்டாம். 2010-இல் ஸ்டார்டாக் நிறுவனம் ‘மாஸ்டர் ஆஃப் மேஜிக்’ பாணியில் ‘எலமென்டல்’ என்ற விளையாட்டை வெளியிட்டது. பிழைகள் மலிந்த நிலையில் வந்து, பெரிய தோல்வி கண்டது. ஆனால் அதன் தலைவர் பிராட் வார்டெல் தவறு தன்னுடையது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். 2012-இல் திருத்தி எழுதிய ‘ஃபாலன் என்சான்ட்ரஸ்’ விளையாட்டை, முதலில் வாங்கி ஏமாந்தவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள்.

பிளிசார்டில் முன்பு வேலை பார்த்தவர்கள் தொடங்கிய ஃப்ராஸ்ட் ஜயன்ட் குழு ‘ஸ்டார்ம்கேட்’ என்ற விளையாட்டுக்காகக் கிக்ஸ்டார்ட்டரில் 20 லட்சம் டாலருக்கு மேல் திரட்டியது. 2024-இல் முழுமையாகாத நிலையில் வெளிவந்தபோது வரவேற்பு கலவையாகவே இருந்தது. பழைய கைகளே செய்தாலும் பழைய ருசி வந்துவிடும் என்ற உறுதி இல்லை.

நானும் ஒருமுறை சூடுபட்டவள்தான். படிவம் ஐந்தில் இருந்தபோது, ஒரு பழைய விளையாட்டின் புதிய பாகம் என்று விளம்பரம் பார்த்து, தீபாவளி அங்பாவ் பணத்தை அப்படியே முன்பதிவுக்குக் கட்டினேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. இரண்டு நாள் ஆடினேன். மூன்றாம் நாள் கணினியிலிருந்து நீக்கினேன். நான் பணம் கொடுத்தது அந்த விளையாட்டுக்கு அல்ல, என் சிறுவயது ஞாபகத்துக்கு என்பது பிறகுதான் புரிந்தது. ஞாபகத்தை விற்பது எளிது; அதற்குப் பெயர் ஒன்றே போதும்.

பணம் கட்டுவதற்கு முன் நான்கு கேள்விகள்

அந்த அனுபவத்துக்குப் பிறகு நான் எனக்கே வைத்துக்கொண்ட கேள்விகள் இவை. உங்களுக்கும் உதவலாம்.

ஒன்று, இதை யார் உருவாக்குகிறார்கள்? அட்டையில் உள்ள பெயரை விட்டுவிட்டு, உருவாக்கும் குழு இதற்கு முன் என்ன செய்தது என்று பாருங்கள். அவர்கள் முன்பு செய்ததில் பிழை வந்தபோது எப்படி நடந்துகொண்டார்கள் என்பதையும் பாருங்கள்.

இரண்டு, ஆடிப் பார்க்க முடிகிறதா? சோதனைப் பதிப்பு தருபவர்கள் தங்கள் சரக்கைப் பற்றி ஓரளவு துணிவு உள்ளவர்கள். முன்னோட்டக் காணொளியை மட்டும் காட்டுபவர்களிடம் பொறுமையாக இருங்கள்.

மூன்று, இணையம் துண்டிக்கப்பட்டால் ஓடுமா? நான் வாங்குவது பொருளையா, அனுமதிச் சீட்டையா?

நான்கு, நான் ஏதாவது உருவாக்க இடம் இருக்கிறதா? இருந்தால், நான் உருவாக்கியது யாருக்குச் சொந்தம்? துறைசார்ந்த படிப்பைத் தேர்ந்தெடுக்கப் போகும் இடைநிலைப்பள்ளி மாணவர்கள் இந்த நான்காம் கேள்வியை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளலாம். நிரலாக்கமோ, ஓவியமோ, கதையோ, பலருக்கு முதல் பயிற்சிக் களம் இப்படிப்பட்ட ஒரு வரைபடக் கருவிதான்.

‘ஓல்டன் எரா’வை இந்தக் கேள்விகளில் நிறுத்திப் பார்த்தேன். உருவாக்குவது அன்ஃப்ரோசன் என்ற குழு. 2020-இல் ‘இராட்டஸ்’ என்ற, முறை வைத்து ஆடும் விளையாட்டை வெளியிட்டவர்கள். கதையைப் பழைய உலகத்துக்கே, ஜடாமே என்ற கண்டத்துக்குத் திரும்பக் கொண்டுபோயிருக்கிறார்கள். பழைய பாகங்களுக்கு இசையமைத்த பால் ரோமெரோவும் இணைந்திருக்கிறார். ஆடிப் பார்க்கக் கொடுத்தார்கள். தாமதமானாலும் அவசரப்பட்டு விற்கவில்லை. பெயரை வைத்திருக்கும் நிறுவனமும் வித்தை தெரிந்த சீடர்களும் ஒரே கூரையின்கீழ் சந்திக்கும் வாய்ப்பு இது. நம்பிக்கை வைக்க இடம் இருக்கிறது. முன்கூட்டியே பணம் வைக்க இன்னும் காரணம் இல்லை.

அண்ணனுக்கு அதையே சுருக்கி எழுதினேன்: “அண்ணே, டெமோவ நல்லா ஆடிப் பாரு. காசு இப்ப கட்டாத. தீபாவளிக்கு வர்றப்ப பழைய பென்டிரைவ எடுத்துட்டு வா.”

எடுத்து வந்தார். தீபாவளி இரவு, விருந்தினர் எல்லாம் போன பிறகு, என் மடிக்கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தோம். 2012-இல் படிவம் இரண்டு மாணவர் ஒருவர் வரைந்த எங்கள் தாமான், கோயிலும் மாமாக் கடையும் கால்வாயும் மாறாமல் அப்படியே விரிந்தது. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. எந்த வழங்கியும் தேவைப்படவில்லை. அண்ணியிடம் விதிகளைச் சொல்லிக் கொடுத்து மூன்றாவது அரசராக அவரையும் சேர்த்துக்கொண்டோம். என் முறை முடிந்ததும் பழைய வழக்கப்படி எழுந்து அடுக்களைக்குப் போனேன். முறுக்கு டின் அங்கேதான் இருந்தது.